டிரம்மும் எலக்ட்ரானும்: குரோமியம் அணுவுக்குள்ளே கோண உந்தம்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு, மாதனூர்)



கோண உந்தம் என்ற சொல்லை முதலாண்டு பௌதிகத்தில் படித்தோம். நிலைமத் திருப்புத்திறனைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கினால் கோண உந்தம். ஃபிளைவீல் கணக்கு ஒன்று, பத்து மார்க். அத்தோடு அதை மறந்தும் விட்டோம். ஆனால் அதே சொல் வேதியியல் புத்தகத்தில், அணு அமைப்புப் பாடத்தில், மறுபடி வந்து நிற்கிறது. அங்கே சுற்றுவது இரும்புச் சக்கரம் அல்ல, எலக்ட்ரான். முதன்மைக் குவாண்டம் எண், கோண உந்தக் குவாண்டம் எண், காந்தக் குவாண்டம் எண், தற்சுழற்சிக் குவாண்டம் எண் என்று நான்கு எண்களை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறோம். எதற்காக இந்த எண்கள் என்று கேட்டால், "எலக்ட்ரானின் முகவரி" என்பார்கள். ஊர், தெரு, வீடு, கதவு எண் மாதிரி. இந்த உவமை பாதிதான் சரி என்பது என் கருத்து. முகவரி என்பது ஆள் இருக்கும் இடத்தைச் சொல்லும். அவர் என்ன செய்கிறார் என்று சொல்லாது. குவாண்டம் எண்களோ எலக்ட்ரானிடம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது, எவ்வளவு சுழற்சி இருக்கிறது, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்பவை. எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் அவை சொல்வதில்லை!

பட்டயப் படிப்புக்குப் பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர நினைப்பவர்களுக்கு இந்தப் பாடம் திரும்ப வரும். எனக்கு அதைவிடப் பக்கத்திலேயே ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஃபிளைவீலை விட்டுவிட்டு, நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். மாதனூரில் இருந்து ஆம்பூர் பக்கம் போனாலும் சரி, வேலூர் பக்கம் போனாலும் சரி, டேனரிகளில் பெரிய மர டிரம் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே தோல், தண்ணீர், மருந்து. தோலும் தண்ணீரும் டிரம்மோடு சேர்ந்து முழுதாகச் சுற்றாது, மேலே போய் விழுந்து புரளும். ஆகவே வெறும் டிரம்மை மட்டும் கணக்கிடுவோம். எடை 2,000 கிலோ, அது முழுவதும் 1.5 மீட்டர் ஆரத்தில் இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 10 சுற்று. நிலைமத் திருப்புத்திறன் 2,000 × 1.5 × 1.5 = 4,500. கோணத் திசைவேகம் நொடிக்கு 1.047 ரேடியன். பெருக்கினால் கோண உந்தம் சுமார் 4,700 ஜூல்-நொடி.

இப்போது அணுவுக்கு வருவோம். அங்கே கோண உந்தத்தை அளக்க இயற்கையே ஒரு படி வைத்திருக்கிறது. பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்தால் வருவது அது, பெயர் ஹெச்-பார். அதன் மதிப்பு 1.0546 × 10-ன் அடுக்கு மைனஸ் 34 ஜூல்-நொடி. நம் டிரம்மின் கோண உந்தத்தை இந்தப் படியால் அளந்தால் சுமார் 4.5 × 10-ன் அடுக்கு 37 படி வரும். 45-க்குப் பின்னால் 36 சைபர். இதில் ஒரு படி கூடினால் என்ன, குறைந்தால் என்ன? டிரம்முக்கு எந்த வேகமும் சாத்தியம் என்று நமக்குத் தோன்றுவது அதனால்தான். எலக்ட்ரானிடம் இருப்பதோ ஒரு படி, இரண்டு படி, அல்லது ஒன்றுமே இல்லை. அரிசி மூட்டையில் ஒரு அரிசி குறைந்தால் தெரியாது. கையில் இருப்பதே இரண்டு அரிசி என்றால் தெரியும் அல்லவா?

போர் சொன்னதும் பிறகு வந்ததும்

இங்குதான் நம் புத்தகம் மாணவனைக் குழப்புகிறது. 1913-ல் நீல்ஸ் போர், எலக்ட்ரான் உட்கருவை வட்டப் பாதையில் சுற்றுகிறது என்றும், அதன் கோண உந்தம் ஹெச்-பாரின் முழு மடங்காக, அதாவது 1, 2, 3 என்றுதான் இருக்கும் என்றும் சொன்னார். அதன்படி ஹைட்ரஜனின் முதல் கூட்டில் கோண உந்தம் ஒரு ஹெச்-பார். இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டினால், முதல் கூட்டில் (என் = 1) கோண உந்தக் குவாண்டம் எண் 'எல்' சைபர் மட்டுமே என்று அதே புத்தகம் சொல்கிறது. சைபர் என்றால் கோண உந்தமே கிடையாது. எது சரி?

இரண்டாவதுதான் சரி. போரின் மாதிரி ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களைச் சரியாகக் கொடுத்தது, அது பெரிய வெற்றி. ஆனால் வட்டப்பாதை என்பது உண்மையில் இல்லை. 1926-ல் ஷ்ரோடிங்கர் எலக்ட்ரானை அலையாக வைத்துச் சமன்பாடு எழுதியபோது, ஆற்றல் போர் சொன்னபடியே வந்தது; கோண உந்தம் மட்டும் வேறாக வந்தது. புதிய விதி இது: கோண உந்தத்தின் அளவு = √(எல் × (எல் + 1)) × ஹெச்-பார்.

எல் = 0 என்றால் சைபர். எல் = 1 என்றால் √2, அதாவது 1.414. எல் = 2 என்றால் √6, அதாவது 2.449. எல் = 3 என்றால் √12, அதாவது 3.464. போர் சொன்ன முழு எண் ஒன்றுகூட இதில் வராது என்பதைக் கவனியுங்கள்.

'கோண உந்தம் சைபர் என்றால் எலக்ட்ரான் நேராக உட்கருவில் போய் விழுந்துவிடாதா' என்ற சந்தேகம் எழலாம். விழாது. எலக்ட்ரானைச் சின்ன இடத்தில் அடைக்க அடைக்க அதன் இயக்க ஆற்றல் ஏறிக்கொண்டே போகும். ஹைசன்பர்க்கின் நிலையில்லாக் கோட்பாடு சொல்வது அதுதான். உட்கருவின் ஈர்ப்பும் இந்த நெருக்கடியும் சமப்படும் அளவில் மேகம் நின்றுவிடும். அந்த மேகம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உருண்டையாக இருப்பதால் அது "சுற்றுகிறது" என்று சொல்ல ஒரு திசையே இல்லை. அதுதான் எஸ் ஆர்பிட்டால்.

எல் ஏன் என்-ஐவிடக் குறைவாகவே இருக்கிறது? வீணைத் தந்தி அதிரும்போது நடுவில் அசையாத கணுக்கள் இருப்பது போல, எலக்ட்ரான் அலைக்கும் கணுக்கள் உண்டு. மொத்தம் என் - 1 கணுக்கள். அவற்றில் உட்கரு வழியாகச் செல்பவை எத்தனையோ அதுவே எல். மொத்தமே என் - 1 என்னும்போது எல் அதைத் தாண்ட முடியாதுதானே. எல் = 0, 1, 2, 3-க்கு எஸ், பி, டி, எஃப் என்ற எழுத்துகள், நிறமாலைக் கோடுகளுக்கு அக்காலத்தில் வைத்த ஷார்ப், பிரின்சிபல், டிஃப்யூஸ், ஃபண்டமென்டல் என்ற பெயர்களின் முதல் எழுத்துகள். இதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் திருப்தி, அவ்வளவுதான்.

எல் × (எல் + 1) எங்கிருந்து வந்தது?

ஏன் எல் × எல் என்று இருக்கக்கூடாது? ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கும் கணிதம் நமக்குப் பாடத்தில் கிடையாது. ஆனால் கூட்டல், வகுத்தல் மட்டும் தெரிந்தாலே போதும், விடை வந்துவிடும். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

காந்தக் குவாண்டம் எண் 'எம்' என்பது, கோண உந்தத்தில் ஒரு குறிப்பிட்ட திசையில் (உதாரணமாகக் காந்தப்புலத்தின் திசையில்) எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்வது. அது - எல் முதல் + எல் வரை, ஒவ்வொன்றாக ஏறும். எல் = 2 என்றால் எம்: -2, -1, 0, 1, 2. ஐந்து நிலைகள். டி-யில் ஐந்து ஆர்பிட்டால்கள் என்று படிக்கிறோமே, அவைதான்.

எல்லாத் திசையும் சமமாக இருக்கும் அணு ஒன்றை நினையுங்கள். இந்த ஐந்து நிலைகளுக்கும் எம்-மின் வர்க்கங்களின் சராசரி எடுங்கள்: 4 + 1 + 0 + 1 + 4 = 10; ஐந்தால் வகுத்தால் 2. இது ஒரு திசைக்கு. மற்ற இரண்டு திசைகளும் இதற்குக் குறைந்தவை இல்லையே? ஆகவே மூன்று திசைக்கும் சேர்த்து 6. அதாவது 2 × 3. எல் × (எல் + 1)!

எல் = 1-க்குப் பாருங்கள்: 1 + 0 + 1 = 2; மூன்றால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 2 = 1 × 2. எல் = 3-க்கு: 9 + 4 + 1 + 0 + 1 + 4 + 9 = 28; ஏழால் வகுத்தால் 4; மூன்றால் பெருக்கினால் 12 = 3 × 4. எந்த எல் போட்டாலும் சரியாக வரும். சூத்திரம் வானத்திலிருந்து விழுந்தது போலத் தெரிந்த எனக்கு இந்தக் கூட்டல் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. எல் = 2 என்றால் கோண உந்தத்தின் மொத்த அளவு 2.449. ஒரு திசையில் அதிகபட்சம் விழுவது 2. அப்படியானால் அந்த அம்பு அச்சோடு முழுதாக ஒட்டி நிற்க முடியாது. குறைந்தது 35 டிகிரி சாய்ந்தே இருக்கும். எல் = 1-க்கு 45 டிகிரி. பம்பரம் வேகம் குறையும்போது தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமாக ஆட்டுமே, அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எச்சரிக்கை: பம்பரத்தின் தலை இந்த நொடியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லலாம். எலக்ட்ரானின் கோண உந்தத்தில் ஒரு திசையின் அளவு திட்டமாகத் தெரிந்தால், குறுக்கே உள்ள மற்ற இரண்டும் திட்டமாக இருக்காது. சாய்வு மட்டும் உண்டு, பக்கம் கிடையாது.

நான்காவது எண், தற்சுழற்சி. 1922-ல் ஜெர்மனியில் ஸ்டெர்ன், கெர்லாக் இருவரும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியாக அனுப்பினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. எம்-மின் எண்ணிக்கை எப்போதும் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகத்தான் வரும்; இரண்டு வரவே வராது. அப்படியென்றால் இது சுற்றுப்பாதையால் வந்த கோண உந்தம் இல்லை, எலக்ட்ரானுக்குச் சொந்தமாகவே இருக்கும் வேறொன்று. அளவு அரை. +1/2, -1/2 என்று இரண்டே நிலை. 1925-ல் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரு இளைஞர்கள் இதைச் சொன்னார்கள். அதே ஆண்டு பாலி, ஒரே அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரானுக்கும் நான்கு எண்களும் ஒன்றாக இருக்க முடியாது என்ற விதியைத் தந்தார்.

உப்பு அடுப்பில் விழுந்தால்

பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வரும். அந்த உப்பு ஒரு சிட்டிகை நெருப்பில் விழுந்தால் பளிச்சென்று மஞ்சள் எரியும். அது சோடியம் அணுவின் வெளி எலக்ட்ரான் 3பி-யில் இருந்து 3எஸ்-க்கு இறங்குவது. ஹைட்ரஜனில் 3பி, 3எஸ் இரண்டுக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே. சோடியத்தில் ஏன் வித்தியாசம்?

எஸ் எலக்ட்ரானுக்குக் கோண உந்தம் இல்லை. அதனால் அது உட்கரு வரை நெருங்க முடிகிறது, உள் எலக்ட்ரான்களின் மறைப்பைத் தாண்டி உட்கருவின் முழு ஈர்ப்பையும் அனுபவிக்கிறது. பி எலக்ட்ரானுக்கு √2 கோண உந்தம் உண்டு. சுற்றும் டிரம்மில் தோல் ஓரத்திற்குத் தள்ளப்படுவது போல, அது வெளியே தள்ளி நிற்கிறது. டி இன்னும் தள்ளி. 3டி-க்கு முன்பே 4எஸ் நிரம்புவதற்கும் காரணம் இதுவே. ஆற்றல் வரிசைக்கு அம்புக்குறிப் படம் போட்டு மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் படத்தின் பின்னால் இருப்பது கோண உந்தம்தான்.

சோடியத்தின் மஞ்சளை நிறமாலைமானியில் பார்த்தால் 589.0, 589.6 நானோமீட்டர் என்று இரண்டு கோடு. பி எலக்ட்ரானின் எல் = 1, அதன் தற்சுழற்சி 1/2. இரண்டும் ஒரே பக்கமானால் கூட்டுத்தொகை 3/2, எதிர்ப் பக்கமானால் 1/2. ஆக இரண்டு மட்டங்கள், இரண்டு கோடுகள்.

ஒளி எடுத்துச் செல்லும் கோண உந்தத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒளித்துகள் ஒவ்வொன்றும் ஒரு படி கோண உந்தம் கொண்டது. இதற்குச் சோதனை வழியாகச் சான்று தந்து 1931-ல் வெளியிட்டவர்களில் ஒருவர் நம் சர் சி.வி. ராமன், உடன் உழைத்தவர் பகவந்தம். ராமன் விளைவு எல்லோருக்கும் தெரியும், இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒளித்துகள் ஒரு படி கொண்டுபோனால் (அல்லது கொண்டுவந்தால்) அணுவின் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். அதனால் ஒளியை விடும்போதோ வாங்கும்போதோ எலக்ட்ரானின் எல் ஒன்று கூட வேண்டும் அல்லது ஒன்று குறைய வேண்டும். எஸ்-பி சரி, பி-டி சரி. டி-டி கூடாது. இந்த விதியை மறக்காதீர்கள், கீழே வேலை இருக்கிறது.

நம் ஊர் அணு

குரோமியம் அணு எண் 24. நம் பக்கத்தில் இதற்கு மேல் முக்கியமான தனிமம் எது? சென்னையில் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். 18 எலக்ட்ரான்கள் ஆர்கான் மாதிரி உள்ளே அடைந்துவிடும், மீதி 6. அட்டவணைப்படி 4எஸ்-ல் 2, 3டி-யில் 4 என்று எழுதத் தோன்றும். உண்மையில் 4எஸ்-ல் 1, 3டி-யில் 5. ஆறும் தனித்தனி ஆர்பிட்டாலில், ஆறின் தற்சுழற்சியும் ஒரே பக்கம். அப்படி இருந்தால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலகி இருக்க முடிகிறது, ஆற்றல் குறைகிறது.

மொத்தக் கோண உந்தத்தைக் கூட்டுவோம். டி-யில் ஐந்து பேர்: 2 + 1 + 0 - 1 - 2 = 0. எஸ்-ல் ஒருவர்: 0. மொத்தம் சைபர். தற்சுழற்சி மட்டும் 6 × 1/2 = 3. இப்போது 4எஸ் எலக்ட்ரான் மட்டும் 4பி-க்கு ஏறினால் மொத்த எல் = 1, தற்சுழற்சி 3. கூட்டினால் 4, அல்லது 3, அல்லது 2. ஆகவே மூன்று கோடு வர வேண்டும். வருகிறது: 425.4, 427.5, 429.0 நானோமீட்டர். இந்த மூன்றும் சூரிய நிறமாலையிலும் கறுப்புக் கோடுகளாக உண்டு. நம் திருப்பத்தூர் மாவட்டத்திலேயே, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி உண்டு. நட்சத்திர ஒளியைப் பிரித்து அதில் என்ன தனிமம் என்று அவர்கள் பார்ப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். மலைக்கு மேலே நட்சத்திரத்தின் குரோமியம், மலைக்குக் கீழே டேனரியின் குரோமியம்!

கழிவுநீரில் குரோமியம் எவ்வளவு என்று அளக்கும் அணு உட்கவர் நிறமாலைமானியும் இதே வகைதான். 1950-களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் உருவாக்கிய முறை. தண்ணீரைச் சுடரில் தெளித்து அணுவாக்கி, குரோமியம் விளக்கின் ஒளியை அதன் வழியே செலுத்துவார்கள். பெரும்பாலும் பயன்படுவது 357.9 நானோமீட்டர் கோடு. அதுவும் எல் சைபரிலிருந்து ஒன்றுக்கு ஏறுவதே. ஒளி எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு குரோமியம். வேறு உலோகம் கலந்திருந்தாலும் குழப்பம் குறைவு, ஏனென்றால் அந்தப் படி குரோமியத்துக்கே உரியது.

அப்பாவின் கேள்வி

முன்னே சொன்ன காரணத்திற்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அப்பாவுக்கு டேனரியில் டிரம் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். நான் புத்தகத்தை விரித்து வைத்திருந்தபோது ஒரு நாள் அப்பா கேட்டார்: "ஏம்பா, குரோம்தான் எல்லாம்னு சொல்றாங்க. டிரம்முல இருந்து எடுத்தா தோலு நீலமா இருக்குது. ராணிப்பேட்டைப் பக்கம் தண்ணி மஞ்சளா போச்சே, அதுவும் குரோம்தான்றாங்க. ரெண்டும் ஒண்ணுன்னா கலரு ஏன் வேற? எது ஆபத்து?" இத்தனை வருஷம் நீலத் தோலைக் கையால் அள்ளியவர் கேட்கும் கேள்வி இது. புத்தகத்தில் பத்து மார்க் கேள்வியாக இது இல்லை. ஆனால் விடை புத்தகத்தில் இருக்கிறது.

டிரம்மில் போடுவது மூன்று எலக்ட்ரானை இழந்த குரோமியம். அதன் 3டி-யில் மூன்று எலக்ட்ரான் மீதி. தனி அயனியாக இருந்தால் அவற்றின் எம் 2 + 1 + 0 = 3; மொத்த எல் = 3, கோண உந்தம் √12. ஆனால் தண்ணீரிலும் தோலிலும் அது தனியாக இல்லை. ஆறு பக்கமும் ஆக்சிஜன் அணுக்கள் நெருக்கி நிற்கின்றன. தோலின் கொலாஜன் புரதமும் அப்படித்தான் குரோமியத்தைப் பிடித்துக்கொள்கிறது. தோல் அழுகாமல், கொதிநீரில் சுருங்காமல் நிற்பது அந்தப் பிடியால். நெருக்கி நிற்கும் அந்த ஆறு பேர், எலக்ட்ரான் அலை வலம் வரவோ இடம் வரவோ இடம் கொடுப்பதில்லை. வலமும் இடமும் சம அளவில் கலந்து நின்ற அலையாகிவிடுகிறது. சுற்றுப்பாதைக் கோண உந்தம் சராசரியில் காணாமல் போகிறது.

இது வெறும் பேச்சு இல்லை, அளக்கலாம். சுற்றுப்பாதையும் சேர்ந்திருந்தால் அதன் காந்தத் திருப்புத்திறன் √27, அதாவது 5.2 போர் மேக்னட்டான் வர வேண்டும். தற்சுழற்சி மட்டும் என்றால் √15, அதாவது 3.87. அளந்தால் கிடைப்பது சுமார் 3.8. படிகங்களின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று 1930-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் மிக நுணுக்கமாக அளந்தவர், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த சர் கே.எஸ். கிருஷ்ணன். கோபால்ட் உப்புகளில் திசை வேறுபாடு பெரிது, குரோமியம் உப்புகளில் மிகச் சிறிது. கோபால்ட்டில் சுற்றுப்பாதைக் கோண உந்தம் மிச்சமிருக்கிறது, குரோமியத்தில் இல்லை என்பதற்கு இது அடையாளம்.

அந்த ஆறு பேரால் டி ஆர்பிட்டால்கள் ஐந்தும் கீழே மூன்று, மேலே இரண்டு என்று பிரிகின்றன. மூன்று எலக்ட்ரானும் கீழே. மேலே ஏற மஞ்சள்-ஆரஞ்சுப் பக்க ஒளியையும், ஊதாப் பக்க ஒளியையும் விழுங்குகின்றன. மிஞ்சுவது நீலமும் பச்சையும். வெட் ப்ளூ நீலமாக இருப்பது இதனால். ஆனால் இது டி-யிலிருந்து டி-க்கு ஏறுவது. எல் மாறவில்லை! ராமன் அளந்த அந்த ஒரு படிக் கணக்கு ஒத்துவரவில்லை. அணுக்களின் அதிர்வால் கொஞ்சம் சலுகை கிடைத்து, அரைகுறையாக நடக்கிறது. அதனால் நிறம் வெளிர்.

ராணிப்பேட்டை மஞ்சள் வேறு. அது ஆறு எலக்ட்ரானையும் கொடுத்துவிட்ட குரோமியம், குரோமேட், டைகுரோமேட். அதன் டி காலி. காலியான டி-க்கு நிறம் எங்கிருந்து வரும்? சுற்றியுள்ள ஆக்சிஜனின் பி எலக்ட்ரான் குரோமியத்தின் டி-க்குத் தாவுகிறது. எல் 1-லிருந்து 2. விதிப்படி முழு அனுமதி. அதனால் நிறம் அடர்த்தி. ஒரே செறிவில் ஒளியை உறிஞ்சும் திறன் மூன்று இணைதிறன் குரோமியத்துக்குச் சுமார் 13 என்றால் குரோமேட்டுக்குச் சுமார் 4,800. முந்நூறு மடங்குக்கு மேல்!

அந்தக் காலத்தில் டேனரியிலேயே டைகுரோமேட்டில் ஆசிட் சேர்த்து, மொலாசஸ் ஊற்றிக் குரோம் மருந்து தயாரிப்பார்கள். ஆரஞ்சு கண் முன்னே பச்சையாகும். சர்க்கரை தன் எலக்ட்ரானைக் கொடுத்து, குரோமியத்தின் டி-யில் மூன்றை நிரப்பிவிட்டது என்று அர்த்தம்.

ஆபத்து எது? குரோமேட்தான். உருவத்தில் அது சல்பேட் மாதிரியே இருப்பதால் செல்லுக்குள் எளிதில் நுழைந்துவிடும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் அமைப்பு இதை வைத்திருக்கிறது. மூன்று இணைதிறன் குரோமியம் அப்படி நுழையாது. தீங்கு மிகவும் குறைவு. ராணிப்பேட்டையில் மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது டைகுரோமேட் தயாரித்த ஆலை ஒன்றின் கழிவு. ஆலை 1990-களில் மூடிய பிறகும் கழிவு மலையாகக் கிடந்தது. டேனரிகளுக்கும் கணக்கு வந்தது. 1996 ஆகஸ்ட் 28-ல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றங்கரையில் வீடு இருப்பவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி அல்ல.

அப்பாவிடம், "நீலம் பயப்பட வேண்டாம்பா, கிளவுஸ் மட்டும் போட்டுக்கோங்க. மஞ்சளைத் தொடவே கூடாது" என்றேன். "அப்போ மஞ்சளா இல்லாத தண்ணி நல்ல தண்ணியா?" என்று உடனே அடுத்த கேள்வி! அதற்கு நிறத்தை நம்ப முடியாது. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிவதற்கு வெகு முன்பே அந்த எல்லை தாண்டிவிடும். அதனால் டைபீனைல்கார்பசைடு சேர்த்து, வரும் ஊதாச்சிவப்பை 540 நானோமீட்டரில் அளப்பார்கள்.

இதில் அம்மாவின் வேலையும் மாட்டியிருக்கிறது. அதிகச் சூட்டிலும் வெயிலிலும் தோலில் இருக்கும் மூன்று இணைதிறன் குரோமியத்தில் கொஞ்சம் ஆறுக்கு மாறலாம். 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், உடம்பில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இருந்தாலே விற்கக்கூடாது. ஆம்பூர் ஷூ போவது அங்கேதான். மரப்பட்டைச் சத்து சேர்த்து மறுபதனிட்டால் இந்த மாற்றம் குறையும். அதில் உள்ள டேனின் எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடியது. ஆவாரம் பட்டையை நம் தாத்தாக்கள் வேறு காரணத்துக்குப் போட்டார்கள், இன்று இதற்கும் பயன்படுகிறது அந்த வித்தை.

நம் கெமிஸ்ட்ரி லேபிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். பர்மாங்கனேட் டைட்ரேஷன் செய்யும்போது தனி இண்டிகேட்டர் போடுவதில்லையே, ஏன்? பியூரெட்டில் இருப்பது ஏழு எலக்ட்ரான் இழந்த மாங்கனீசு. டி காலி, ஆக்சிஜனின் பி-யிலிருந்து டி-க்குத் தாவல், முழு அனுமதி, கரும் ஊதா. குடுவைக்குள் விழுந்ததும் அது இரண்டு மட்டும் இழந்த மாங்கனீசாகிறது. டி-யில் ஐந்து பேர், ஐந்தும் தனித்தனியாக, ஒரே பக்கச் சுழற்சி. டி-டி தாவல் என்பதால் எல் விதி ஒரு தடை. மேலே ஏற வேண்டுமானால் ஒருவர் தற்சுழற்சியையும் திருப்பியாக வேண்டும், அது இரண்டாவது தடை. ஆகவே ஏறத்தாழ நிறமே இல்லை. முடிவுப் புள்ளி தாண்டி ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாகித் தெரிவது, இந்த இரண்டு மாங்கனீசுக்கும் நடுவே உள்ள அந்த வித்தியாசத்தால்தான்.